சேற்றில் நடக்கும் மீனும் அப்பாவின் கைத்தடியும்

"மீன் நடக்கும்னு ரேடியோவுல அவ்வளவு ஆச்சரியமா சொன்னியே, அதுல என்னாம்மா அதிசயம்? போர்ட் கிள்ளான்ல நான் முப்பது வருசமா பார்த்ததுதானே?"

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஸ்டூடியோ கதவைத் திறந்ததும் அப்பாவின் அழைப்பு. அன்றைய அறிவியல் துணுக்கில் சேற்றில் வாழும் ஒரு மீனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருந்தேன். மீன் எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் ஒரு குழு ரோபோவே செய்த கதை அது. நேயர்களிடமிருந்து ஏழெட்டு வாட்ஸ்அப் குரல் செய்திகள் வந்தன. ஆனால் அப்பாவின் அழைப்புதான் என்னை நிற்க வைத்தது. அவராக எனக்குப் போன் செய்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் துறைமுக வேலைக்குப் போனார். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். போன ஆண்டு பக்கவாதம் வந்தது. பேச்சு முழுவதும் திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் பாதி திரும்பியது. மருத்துவமனையில் பிசியோ சொல்லிக்கொடுத்தவர் ஒரு கைத்தடியையும் கையில் கொடுத்து அனுப்பினார். அது கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"தொங்காட் புடிச்சிக்கிட்டுத் தெருவுல நடந்தா நாலு பேர் பாப்பாங்க" என்பார். அதற்குப் பதில் அவர் தெருவுக்கே போவதை நிறுத்திக்கொண்டார். முதலில் சந்தை நின்றது. பிறகு கோயில். பிறகு நண்பர்களோடு தே தாரிக் குடிக்கும் கடை. துறைமுகம் முழுக்க நடந்த மனிதரின் உலகம் வாசல் கேட்டோடு முடிந்துபோனது.

"அப்படின்னா அந்த மீனை எனக்குக் காட்டுங்கப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வானொலிக்காரிக்கு மௌனம் என்றால் பயம்.

"ஞாயித்துக்கிழமை தண்ணி எப்ப வத்துதுன்னு பாரு" என்றார்.

செங்கல் ஊரிலிருந்து சேற்றுக்கு

நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். பெயரே சொல்லும், செங்கல் அறுத்த ஊர் என்று. 1881ல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்பு வீடுகளை வாரிக்கொண்டு போயின. அதன் பிறகு நகரத்தைக் கல்வீடுகளாகக் கட்ட வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதற்குச் செங்கல் கொடுத்தது இங்குள்ள களிமண்தான். பின்னால் ரயில்வே வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் ரயில்வே குடியிருப்புகளில் இறங்கினார்கள். இன்று பூக்கடைகளும் புடவைக் கடைகளும் அப்பளப் பூ பொரியும் வாசனையுமாக இருக்கும் லிட்டில் இந்தியாவின் அடியில் இருப்பதும் அந்த மண்தான்.

இந்த ஊருக்கு என் காதுக்குப் பிடித்த இன்னொரு அடையாளம் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருக்கிறது. விடியற்காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வெள்ளைக் கோல்கள் நடைபாதையைத் தட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். டக், டக், டக். அவசரமும் கிடையாது, கூச்சமும் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் நிலையத்தை நோக்கி நடக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டது. அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளான் வரைக்கும் கொமுட்டர் ரயில் ஒரே ஓட்டம். சிலாங்கூரின் மூத்த ரயில் பாதை இது. 1886ல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே தொடங்கியது. 1890ல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குப் போனது. 1901ல் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. 1972 முதல் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர். அலையாத்திக் காட்டையும் சேற்றையும் வெட்டித்தான் அந்தத் துறைமுகத்தை எழுப்பினார்கள். தொடங்கிய முதல் ஆண்டே மலேரியா அதைப் படுக்க வைத்தது. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் அங்கே மனிதர் வாழ முடிந்தது.

அம்மாவும் அப்பாவும் கிள்ளான் நிலையத்தில் ஏறுவதாக ஏற்பாடு. கதவு திறந்ததும் அப்பா கம்பியைப் பிடித்து, வலது காலை வைத்து, இடது காலை இழுத்து ஏறினார். கையில் தடி இல்லை. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துணிப்பையை மெதுவாக என் மடியில் வைத்தார். உள்ளே மடக்கிய கைத்தடி.

"கேட்டா மட்டும் குடு. நீயா நீட்டாதே" என்றார் காதுக்குள்.

கெத்தாம் தீவு

போர்ட் கிள்ளான் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. அங்கிருந்து கெத்தாம் தீவுக்குப் படகு. கெத்தாம் என்றால் நண்டு. சீன மீனவர்கள் காலூன்றிக் கட்டிய ஊர் அது. வீடு, கோயில், பள்ளி, கடை எல்லாமே சேற்றுக்கு மேல் தூண்களில் நிற்கும். காடி கிடையாது; சைக்கிளும் மின்சார சைக்கிளும்தான். படகு போகும் வழியில் ஒரு பக்கம் கொள்கலன் கப்பல்களும் பாரந்தூக்கிகளும்; இன்னொரு பக்கம் கண்டல் மரங்கள் வேர்களை வில்லாக வளைத்து நிற்கும் காடு. அப்பா ஒவ்வொரு பாரந்தூக்கியையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தார், பழைய சிநேகிதர்களைப் பார்ப்பதுபோல.

தீவில் இறங்கி, நடைப்பாலத்தின் ஓரமாகக் கம்பியைப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் வந்தார். நிழலான இடம் பார்த்து நின்றார். கீழே நீர் வற்றிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறச் சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

முதலில் எனக்குச் சத்தம்தான் கேட்டது. சொடக்குப் போடுவதுபோல் சின்னச் சின்ன வெடிப்புகள். "சொடக்கு இறால்" என்றார் அப்பா. பிறகு, "அதோ" என்று விரலை நீட்டினார்.

சேறே கண் திறந்து பார்ப்பதுபோல் இருந்தது. தலைக்கு மேல் தவளைபோல் இரண்டு கண்கள். விரல் நீள உடம்பு. மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்று சொல்லும் மீன். நம் கடற்கரையில் இதில் பல இனங்கள் உண்டு. நீலப் புள்ளிகள் உள்ள ஒன்று தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றின் மேல் படிந்த பாசியை மேயும். ஒரு சாணுக்கு மேல் வளரும் பெரிய இனம் நண்டையே பிடித்துத் தின்னும்.

முன் துடுப்புகள் இரண்டும் முழங்கை வைத்த சின்னக் கைகள்போல் இருந்தன. இரண்டையும் ஒரே சமயத்தில் முன்னால் வைத்தது. ஊன்றியது. உடம்பைத் தூக்கி முன்னே எறிந்தது. அடுத்த எட்டுக்குத் துடுப்புகளைத் தூக்கும்போது, வயிற்றுக்கு அடியில் உள்ள துடுப்புகள் உடம்பைத் தாங்கிக்கொண்டன. பிறகு மறுபடியும் முன்னால்.

இந்த நடைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரின் பொருள், இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி நடப்பது. மருத்துவமனை வராந்தாவில் நாம் எத்தனையோ முறை பார்த்த நடைதான். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரோபோ செய்து பார்த்தார்கள்

ரேடியோவில் ஐந்து நிமிடத்தில் சொன்னதை இப்போது விரித்துச் சொன்னேன். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இயற்பியலாளர் டேனியல் கோல்ட்மனின் ஆய்வகம் அங்கே. மணலிலும் சேற்றிலும் உயிர்கள் எப்படி நகர்கின்றன என்பது அவர்களுடைய கேள்வி. 2016 ஜூலையில் ‘சயன்ஸ்’ இதழில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின் முதல் பெயர் பெஞ்சமின் மெக்கின்ரோ. அடுத்த பெயர் ஹென்றி ஆஸ்ட்லி. அப்போது அவர் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்.

இந்தப் பதவியைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, நிரந்தரப் பேராசிரியர் வேலை இன்னும் கிடைக்கவில்லை. இடையில் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஒரே கேள்வியைத் துருவுவது. பல பெரிய கண்டுபிடிப்புகளின் அன்றாட உழைப்பு இவர்களுடையதுதான்.

அவர்கள் ஆப்பிரிக்க இனத்தைச் சேர்ந்த இந்த மீன்களைத் தளர்ந்த மணலில் நடக்க விட்டுப் படம் எடுத்தார்கள். தரை சமமாக இருந்தபோது மீன் பெரும்பாலும் முன் துடுப்புகளால் மட்டுமே நடந்தது. சரிவைக் கூட்டக் கூட்ட, வாலையும் சேர்த்து ஊன்றத் தொடங்கியது. வால் உண்மையிலேயே உதவுகிறதா, சும்மா ஆடுகிறதா? மீனிடம் கேட்க முடியாது. அதனால் இரண்டு கையும் ஒரு வாலும் உள்ள சின்ன ரோபோ ஒன்றைச் செய்து, ‘மட்டிபாட்’ என்று பெயர் வைத்தார்கள். சரியும் மணிகள் பரப்பிய படுகையில் அதை விட்டார்கள். சமதரையில் வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சரிவு ஏறும்போது, வால் ஊன்றாத ரோபோ திணறியது. காலடியில் தரையே நழுவும்போது கை மட்டும் போதவில்லை. சரியான நேரத்தில் வாலைச் சேர்த்து ஊன்றியது மேலே ஏறியது.

எனக்குப் பிடித்த முடிவு இன்னொன்று. கைகளைச் சரியான இடத்தில் வைக்காமல் தடுமாறினாலும், வால் அந்தத் தவற்றைச் சரிக்கட்டிவிடுகிறது.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. கண் சேற்றிலேயே இருந்தது. தூணின் அடியில் சேறு மேடாகக் குவிந்திருந்த இடத்தில் ஒரு மீன் ஏறப் பார்த்தது. நழுவியது. மறுபடி ஏறியது.

"பாரு, பாரு" என்றார். "கீழ வர்றப்ப வாலு சும்மாதான் கெடந்துச்சு. ஏறுறப்பதான் ஊனுது. எப்பவும் இல்ல."

ஆய்வகத்தில் வேகப் படக்கருவி வைத்துப் பார்த்ததை அவர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் வேறு எங்கோ பார்த்தார்.

360 மில்லியன் ஆண்டுக்கு முந்திய நடை

ஒரு மீனின் வாலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஏறத்தாழ 360 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னால் நீரில் இருந்த முதுகெலும்புள்ள உயிர்கள் தரைக்கு வந்தன. தவளை, பல்லி, பறவை, யானை, நாம் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள். அன்று அவை ஏறியது தார்ச் சாலையில் அல்ல. இதுபோன்ற சரிவான சேற்றிலும் மணலிலும்தான் இருக்க வேண்டும்.

கிரீன்லாந்தில் கிடைத்த இக்தியோஸ்டெகா அந்தக் காலத்து உயிர். நாலு கால் உண்டு. அதனால் உடும்புபோல் நடந்திருக்கும் என்று படங்களில் வரைந்தார்கள். 2012ல் ஸ்டெபனி பியர்ஸ், ஜெனிபர் கிளாக், ஜான் ஹட்சின்சன் மூவரும் அதன் எலும்புகளை ஸ்கேன் செய்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்கி, ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்பும் என்று அளந்தார்கள். உடும்பு நடை அதற்குச் சாத்தியமே இல்லை என்று தெரிந்தது. பின்னங்காலை ஊன்றி உடம்பைத் தூக்க முடியாது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி உடம்பை இழுத்திருக்க வேண்டும், இந்தச் சேற்று மீனைப்போல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மீன் நம் பாட்டன் அல்ல. உளுவை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. மிகப் பிற்காலத்தில் தனியாகத் தரைக்கு வந்தது. ஆனால் அதே சிக்கலுக்கு அதே மாதிரி விடை கண்டிருக்கிறது. அதனால்தான் பழைய எலும்பு சொல்லாததை இந்த மீனிடம் கேட்கிறார்கள்.

கண் சிமிட்டுவதும் அப்படித்தான். பெரும்பாலான மீன்கள் சிமிட்டுவதில்லை. இது கண்ணை உள்ளே இழுத்து, கீழே உள்ள தோல் மடிப்பால் மூடித் திறக்கிறது. பிரெட் ஐயெல்லோ முதன்மையாகச் செய்து 2023ல் வெளியான ஆய்வு, நாம் சிமிட்டும் அதே காரணங்களுக்காகத்தான் இதுவும் சிமிட்டுகிறது என்று காட்டியது: கண்ணை நனைக்க, துடைக்க, காக்க. அந்தக் குழுவில் இருந்த சாத் பாம்லா சென்னை ஐஐடியில் படித்தவர்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பெரிய இனம் சேற்றுக்குள் வளை தோண்டி, வாயில் காற்றை அடைத்துக்கொண்டு போய் உள்ளே சேமித்து வைக்கிறது என்பதைப் பினாங்குக் கடற்கரையில்தான் கண்டறிந்தார்கள். அந்த ஆய்வு 1998ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

பாட்டியின் பனையேறி

"எங்கம்மா இன்னொரு மீன் சொல்வாங்க" என்றார் அப்பா. "பனையேறி."

தோட்டத்துக் கால்வாயில் மழை பெய்தால் கரையேறி ஊர்ந்து போகும் மீன். மலாயில் புயு. தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த பாட்டிக்கு இங்கே அதைப் பார்த்ததும் ஊர் மீனே கூட வந்துவிட்டதுபோல் இருந்ததாம்.

அந்த மீனின் கதையும் தமிழ்க் கரையில்தான் தொடங்குகிறது. 1791ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் டால்டார்ஃப், குளக்கரைப் பனைமரத்தின் பட்டை இடுக்கில், நீருக்கு மேல் சுமார் ஐந்தடி உயரத்தில் அதைப் பிடித்ததாக எழுதினார். 1797ல் லண்டன் லின்னியன் சங்கத்தின் ஏட்டில் அது வெளிவந்தது. மரம் ஏறுமோ ஏறாதோ, தரையில் நன்றாகவே நகரும். அதற்குக் கை இல்லை. செவுள் மூடியின் முள்ளைத் தரையில் குத்தி ஊன்றிக்கொண்டு, வாலால் உந்தித் தள்ளும். கையில்லாவிட்டால் கன்னத்தால் ஊன்றும் மீன்.

"எதை வச்சு ஊன முடியுதோ அதை வச்சு ஊனிக்கும்போல" என்று அம்மா பொதுவாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

படிக்கட்டு

தீவில் மீனும் இறாலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். போர்ட் கிள்ளான் படகுத்துறையில் சோதனை காத்திருந்தது. காலையில் நாங்கள் கிளம்பியபோது இருந்ததைவிட நீர் மிகவும் வற்றியிருந்தது. படகு தாழ நின்றது. மேலே போகும் படிகள் பாசி படிந்து ஈரமாக இருந்தன.

படகுக்காரர் கை நீட்டினார். அப்பா பிடிக்கவில்லை. இரண்டு முறை வலது காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழேயே வைத்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்குப் பையைத் திறந்துவிடலாம் என்று கை பரபரத்தது. அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தார்.

அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"அந்தத் தொங்காட் பையிலதானே இருக்கு? எடு."

அவருக்குக் காலையிலிருந்தே தெரிந்திருக்கிறது. மடிப்பை விரித்துக் கொடுத்தேன். தடியை மேல் படியில் ஊன்றினார். வலது கால். பிறகு இடது கால். டக். அடுத்த படி. டக். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் நான் தினமும் கேட்கும் அதே சத்தம். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நாலு பேர் பார்த்தார்கள் என்பது உண்மைதான். பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மேலே வந்ததும் தடியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது சமதரை. வேணாம்."

ஒரே நாளில் மனிதர் மாறிவிடுவதெல்லாம் சினிமாவில்தான். வீட்டுக்குள் இன்றும் அவர் தடியைத் தொடுவதில்லை. ஆனால் அது கதவுக்குப் பின்னாலிருந்து செருப்பு வைக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் அம்மா சொன்னார், தெங்கு கிளானா சாலைக்குப் போய் வெற்றிலை வாங்கி வந்தாராம். அங்கே ஐந்தடிப் பாதையில் கடைக்குக் கடை ஏற்ற இறக்கம் உண்டு.

"ஏறுறப்ப மட்டும்" என்றாராம், யாரும் கேட்காமலே.

நீங்களும் போக நினைத்தால்: கிளம்பும் முன் போர்ட் கிள்ளான் கடல் நீர் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீர் வற்றும் நேரத்தில்தான் இந்த மீன்களைப் பார்க்க முடியும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். நிழல் விழுந்தால் மீன்கள் வளைக்குள் ஓடிவிடும். ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பிளாஸ்டிக் எதையும் கீழே போடாதீர்கள். அந்தச் சேறு அவற்றின் வீடு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். நமக்குத் தெரியாத பல பெயர்கள் அவர்களிடம் இருக்கின்றன.